ஆடாதே என்று சொல்லும் வேலை

தமிழில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. அமெரிக்காவில் ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’ என்கிறார்கள். அப்படியே பெயர்த்தால் ‘பயிற்சியாளர்’ என்று வரும். அது வேறு ஆள். பயிற்சியாளர் ஓட வைப்பவர். இவர், ஓடுகிறவன் விழுந்தால் முதலில் மைதானத்துக்குள் ஓடுகிறவர். கணுக்கால் பிசகியிருக்கிறதா, எலும்பு விட்டுவிட்டதா என்று அங்கேயே தொட்டுப் பார்க்கிறவர். தசை கிழிந்தவன் எந்த வாரம் நடக்கலாம், எந்த வாரம் ஓடலாம், எப்போது மறுபடி களமிறங்கலாம் என்று படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருகிறவர். டாக்டர் இல்லை, ஜிம் மாஸ்டர் இல்லை, மசாஜ் செய்கிறவரும் இல்லை. அங்கே 1950லேயே இவர்களுக்குத் தேசியச் சங்கம் வந்துவிட்டது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழில் என்று அங்கீகரித்தது. இப்போது புதிதாக இந்தப் படிப்புக்குள் நுழைகிறவர்கள் முதுகலை வரை போயாக வேண்டும்.

நம் ஊரில் இதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஸ்போர்ட்ஸ் பிசியோ. நாலரை வருஷம் பி.பி.டி., அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், அதற்கு மேல் இரண்டு வருஷம் எம்.பி.டி. ஐ.பி.எல். அணிகளோடு டிவியில் பார்த்திருப்பீர்கள். சாதாரணப் பள்ளி மைதானத்தில் இவர்கள் கிடையாது. அங்கே பி.டி. சார் இருப்பார், அவர் கையில் ஒரு ஸ்பிரே டப்பா இருக்கும், எதிர்த்த ஜூஸ் கடையில் ஐஸ்கட்டி இருக்கும். வீட்டுக்குப் போனால் காலால் பிறந்த யாராவது சுளுக்கு எடுத்துவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் புத்தூர் கட்டு.

என் சித்தி மகள் இதைப் படித்தவள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அவள் எம்.பி.டி. முடித்துவிட்டு வந்தபோது பாட்டி கேட்டாள்: “ஏண்டி, ஊரார் காலைப் பிடிச்சுவிடறதுக்கா ஆறரை வருஷம் படிச்சே?” எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பாட்டியின் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. முடி திருத்தும் சமூகத்துக்குத் தமிழ்நாட்டில் ‘மருத்துவர்’ என்று ஒரு பெயர் உண்டு. கட்டியைக் கீறியது அவர்கள், பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். பெயரைக் கொடுத்தோம், மரியாதையைக் கொடுக்கவில்லை. உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவர் நாம் சொல்வதைச் செய்ய வேண்டியவர். அவர் சொல்லி நாம் கேட்கும் பழக்கம் நம் ரத்தத்தில் இல்லை. டாக்டர் சொன்னால் கேட்போம், ஏனென்றால் அவர் பெரும்பாலும் தொடுவதே இல்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையின் உயிரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. “இன்னைக்கு நீ ஆடக்கூடாது.” டேப் சுற்றுவதையும் ஐஸ் வைப்பதையும் ஆறு மாதத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு மாணவியை எப்படித் தயார் செய்வது? அவளைத் தயார் செய்வது நியாயம்தானா? இந்த இரண்டாவது கேள்விதான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது.

அவளுடைய முதல் வேலை ஒரு தனியார் பள்ளியின் கிரிக்கெட் அகாடமியில். பெயர் வேண்டாம், திருச்சியே இல்லை. பதினைந்து வயதுப் பையன், வலக்கை வேகப்பந்து. இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் வலி என்று வந்தான். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொல்லியிருக்கிறாள், முகம் சுருங்கியது. வளரும் வயதில் வேகமாகப் பந்து வீசுகிறவர்களுக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வரும் அழுத்த முறிவு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எலும்பு ஒரே அடியில் உடைவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும் பளுவில் மயிரிழையாக விட ஆரம்பிக்கிறது. ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். கொடுக்காவிட்டால் கூடாமலே போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்வரை பந்து வீச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அரையிறுதி.

கோச் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே, “நாலே நாலு ஓவர்மா. நல்லா டேப் போட்டுவிடு, அவ்வளவுதான் உன் வேலை” என்றாராம். பையனின் அப்பா கையைப் பிடித்துக்கொள்ளாத குறை: “மேடம், செலக்டர் வந்திருக்கார். அடுத்த வருஷம் இவன் அண்டர்-சிக்ஸ்டீன் வயசு தாண்டிடுவான்.” கடைசியாகப் பையன் வந்தான். “அக்கா, சத்தியமா வலிக்கலைக்கா. நேத்து சும்மா சொன்னேன்.”

அவள் டேப் போட மறுத்தாள். கோச்சே போட்டார். பையன் நாலு ஓவர் வீசினான், இரண்டு விக்கெட். அணி ஜெயித்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் மாதம் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. டீமோடு செட் ஆகவில்லை என்று காரணம் சொன்னார்களாம். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, வேறு வேலை கிடைத்துவிட்டது. அவளை உறுத்தியது வேறு. அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “அண்ணா, அவன் அன்னிக்கு விழுந்திருந்தா நான் சொன்னது சரின்னு எல்லாரும் ஒத்துண்டிருப்பா. அவன் விழலை. அப்ப நான் சொன்னது தப்பா? அதுகூடப் பரவால்ல. மேட்ச் நடக்கறச்ச அவன் விழணும்னு ஒரு நிமிஷம் நெனச்சேனோன்னு பயமா இருக்கு.”

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் 1976இல் இதைப் பற்றி விவாதித்தார்கள். ‘மாரல் லக்’ என்பார்கள், அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்று சொல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இரண்டு பேரில் ஒருவன் குறுக்கே குழந்தை வந்ததால் கொலைகாரன் ஆகிறான், இன்னொருவன் தூங்கி எழுந்து ஆபீஸ் போகிறான். செய்தது ஒன்றுதான். நாம் இருவரையும் ஒரே மாதிரி பார்க்கிறோமா? இல்லை. இந்தச் சிக்கல் பெரும்பாலும் குற்றம் செய்தவர்களை வைத்தே பேசப்படுகிறது. தடுத்தவர்களை வைத்துப் பார்த்தால் இன்னும் கொடுமையாக இருக்கிறது. தடுத்தவரின் பேச்சு எடுபட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் தடுத்தது தேவையில்லை என்று ஆகிவிடும். எடுபடாமல் போய், அதிர்ஷ்டவசமாக ஒன்றும் நடக்காவிட்டால், அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. அவர் சொன்னது சரி என்று நிரூபணமாக ஒரே வழி, ஒரு பதினைந்து வயதுப் பையனின் முதுகு உடைவது.

என் துறைக்காரர்களுக்கு இந்த அனுபவம் கொஞ்சம் தெரியும். 2000ஆவது வருஷம் பிறந்தபோது கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போகும் என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான வரிகளைத் திருத்தினார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே கேள்வி வந்தது: இதுக்கா இத்தனை காசு? ஆனால் எங்களுக்கு அப்புறம் ஒரு வசதி இருக்கிறது. சர்வர் அழுவதில்லை. “வலிக்கலைக்கா” என்று சத்தியம் செய்வதில்லை.

பெரிய இடங்களில் மட்டும் இது வேறு மாதிரி இல்லை. 2015 ஆகஸ்ட் 8, லண்டன். செல்சிக்கும் ஸ்வான்சிக்கும் கால்பந்து ஆட்டம். கடைசி நிமிடங்கள், 2-2. செல்சியில் ஏற்கெனவே ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேர்தான். ஏடன் ஹசார்ட் தரையில் விழுந்து கிடக்கிறார். நடுவர் கையைக் காட்டிக் கூப்பிட, அணியின் டாக்டர் ஈவா கார்னேரோவும் பிசியோவும் உள்ளே ஓடினார்கள். மைதானத்துக்குள் வைத்தியம் பார்த்தால் அந்த ஆட்டக்காரர் கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்க வேண்டும் என்பது விதி. அணி ஒன்பது பேராகிவிட்டது. மேலாளர் மொரின்யோ ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்களிடம், மருத்துவக் குழுவாக இருந்தாலும் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற பொருளில் பேசினார். கார்னேரோவுக்கு அதற்குப் பிறகு அணியின் பெஞ்சில் இடமில்லை. வேலையை விட்டார், வழக்குப் போட்டார், 2016 ஜூனில் சமரசம் ஆனது, கிளப் மன்னிப்புக் கேட்டது. நடுவர் கூப்பிட்டு, விதிப்படி, விழுந்து கிடந்தவரிடம் ஓடிய ஒரு டாக்டருக்கே இவ்வளவு. பிரீமியர் லீக்கின் டாக்டரோடு ஒப்பிட்டால் ஒரு பள்ளியில் மாதச் சம்பளத்துக்கு வந்த இருபத்தைந்து வயதுப் பெண் எம்மாத்திரம்?

‘ஆட்டத்தைப் புரிந்துகொள்வது’ என்பதில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். பையனை ஆறு வருஷமாகப் பார்த்து வளர்த்த கோச்சுக்குத் தெரியாதது நேற்று வந்த பிசியோவுக்கு என்ன தெரியும்? நம் மரபிலேயே அடிக்கக் கற்றுக்கொடுப்பவரும் வைத்தியம் பார்ப்பவரும் ஒருவர்தான். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் வர்மத்தில் தட்டுவதை மட்டும் வைத்திருக்கவில்லை; தட்டுப்பட்டவனை எழுப்பும் இளக்குமுறையும் அவர்களிடமே இருந்தது. அடி தெரிந்தவன் அடங்கலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அழகான ஏற்பாடு. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆசானுக்கு மேலே யாரும் இல்லை. சீடன் ஜெயித்தால்தான் அவருக்கு அடுத்த வருஷம் சோறு என்று இல்லை. இன்றைய கோச்சுக்கு அப்படித்தான். அவரை வில்லனாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் சம்பளமும் அந்த நாலு ஓவரில்தான் இருந்தது. அதனால்தான் முடிவு அவர் கையில் இருக்கக்கூடாது என்கிறேன்.

சரி, கோச்சை விடுங்கள். பையனை என்ன செய்வது? அவன் பொய் சொன்னான் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில் புறப்பாடு பார்க்கும்போது எனக்குப் பெருமாளைவிட அவரைச் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோளைப் பார்ப்பதில்தான் ஆர்வம். பல வருஷம் சுமந்தவர்களின் தோளில் சதை காய்த்துப்போய்க் கட்டி மாதிரி எழும்பியிருக்கும். அரங்கனின் நடையழகு என்று ஊரே உருகுவது உண்மையில் அவர்களுடைய முழங்கால்களின் நடை. ஒருவரிடம் கேட்டே விட்டேன்: “மாமா, வலிக்காதா?” அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “பெருமாள் கனப்பாரோடா?” கனக்கும். வலிக்கவும் செய்யும். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. எதற்காக வலிக்கிறதோ அதன் பக்கம் மனசு முழுக்கப் போய்விட்டால் ‘வலிக்கலை’ என்பது ஒரு தகவலாக இருப்பதில்லை, விருப்பமாக ஆகிவிடுகிறது. என்னை விட்டுவிடாதே என்கிற விருப்பம். அந்தப் பையன் சொன்னதும் அதைத்தான்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி முள்ளாக நிற்கிறது. காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு விடிகாலையில் போனால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. 2021 ஜூலை 30, டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 4 × 400 கலப்பு ரிலே. இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாடு: ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். அதில் சுபாவும் ராஜீவும் திருச்சி மாவட்டம். ரேவதி மதுரைப் பக்கம் சக்கிமங்கலம்; சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தவர், ஆரம்பத்தில் செருப்பில்லாமல் ஓடியவர். அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது ஓட்டத்தால். ராஜீவ் ராணுவத்தில் இருந்தவர். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொன்மலைப் பக்கம் போய்க் கேளுங்கள், ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு என்ன அர்த்தம் என்று சொல்வார்கள்.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் வலி, தொட்டால் ஒரே புள்ளியில் சுரீர் என்கிறது. அடுத்த வாரம் மாநிலப் போட்டி. அதில் மூன்றாவதாக வந்தால் ஒரு கல்லூரியில் ஃபீஸ் இல்லாமல் சீட், விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, பிறகு ஒரு கோட்டா வேலையின் வாசல். வராவிட்டால் கல்யாணம், அல்லது ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. அங்கே நின்றால் கால் வலிக்காதா? ஆறரை வருஷம் படிக்க வசதியிருந்த, உத்தர வீதியில் சொந்த வீடு இருக்கிற என் தங்கை அவளிடம் போய் “இன்னைக்கு நீ ஓடக்கூடாது” என்று சொல்கிறாள். இந்த ‘கூடாது’வின் விலையைக் கொடுக்கப் போவது யார்? சொல்கிறவள் இல்லை. அவள் சம்பளம் அன்றைக்கும் வரும்.

இதற்கு என்னிடம் சுத்தமான விடை கிடையாது. மூன்று இடங்களில் மட்டும் நான் தெளிவாக இருக்கிறேன். தலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் ஆடக்கூடாது, ஏனென்றால் ஆடலாமா என்று தீர்மானிக்கிற உறுப்பிலேயே அடிபட்டிருக்கிறது. முதுகெலும்பும் அப்படியே, அது விளையாட்டோடு முடிகிற விஷயமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் போதாது. மற்றதெல்லாம் வயது வந்த ஓட்டக்காரியின் முடிவு. ஆனால் முடிவு அவளுடையது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதும் ஒரு தந்திரம்தான். ஓடினால் எலும்பு முழுசாக விட என்ன வாய்ப்பு, ஓடாவிட்டால் அடுத்த போட்டி எப்போது, அந்தப் போட்டியின் சான்றிதழ் வேலைக்குச் செல்லுமா, சீட்டை ஒரு வருஷம் தள்ளிக் கேட்க முடியுமா, யாரிடம் கேட்பது, இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் அது முடிவு. இல்லாவிட்டால் வெறும் பசி. பிசியோ பாடத்திட்டத்தில் தசைகளின் பெயர் அத்தனையும் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டின் விதிகள் இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘கூடாது’ என்று சொல்ல உரிமை கேட்கிறவர் அந்தக் கூடாதுவின் விலைவாசியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் பாரிஸில் பார்த்தோம். வினேஷ் போகட் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் எடையைக் குறைக்கப் போராடினார்; முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் அதிகம், தகுதி நீக்கம். சில நாளில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா, எடை விஷயம் வீராங்கனையும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டியது, சங்கம் நியமித்த மருத்துவக் குழுவின் பொறுப்பு அல்ல என்று அறிக்கை விட்டார். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரவில் அந்த அறையில் இருந்த யாருக்காவது “போதும், நிறுத்து, உயிர் முக்கியம்” என்று சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

என் பெரியப்பா திருவெறும்பூர் பெல்லில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தார். 1965இல் ஆரம்பித்த கொதிகலன் தொழிற்சாலை அது. அங்கே ‘ஹோல்ட் பாயின்ட்’ என்று ஒன்று உண்டு. வெல்டிங் முடிந்து, எக்ஸ்ரே எடுத்து, ஆய்வாளர் கையெழுத்துப் போடும்வரை அந்தக் குழாய் அடுத்த கட்டத்துக்கு நகரக்கூடாது. மாசக் கடைசி, அனுப்ப வேண்டிய சரக்கு வாசலில் நிற்கிறது, உற்பத்திப் பிரிவு மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், இவர் ஃபிலிமை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு “ரிப்பேர்” என்று எழுதிவிட்டு வருவார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள். பெரியப்பா தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குத் தைரியம் தேவைப்படவே இல்லை. அந்தக் கையெழுத்து அவருடைய வேலை என்று எழுதி வைத்திருந்தார்கள், அவருடைய பதவி உயர்வு உற்பத்திப் பிரிவின் கையில் இல்லை, அவருக்கும் மேலே அரசாங்கத்தின் கொதிகலன் ஆய்வாளர் என்று வெளியாள் ஒருவர் இருந்தார்.

அந்த வெளியாள் சும்மா வந்துவிடவில்லை. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல பேர் செத்தார்கள். மறு வருஷமே வங்காளத்தில் சட்டம் வந்தது, பிறகு நாடு முழுமைக்கும் 1923இல். விளையாட்டிலும் இதே கதைதான். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, வாழ்நாள் ஊனம். 2009இல் அவன் பெயரிலேயே லிஸ்டெட் சட்டம் வந்தது: தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறங்கக்கூடாது. சில வருஷங்களில் ஐம்பது மாநிலங்களிலும் இப்படிச் சட்டங்கள் வந்துவிட்டன. இனி கோச்சை எதிர்க்க அங்கே யாரும் வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. “சட்டம் சார், நான் என்ன செய்ய” என்றால் போதும். ஒரு தொழில் என்பதே என்னைப் பொறுத்தவரை இதுதான்: சாதாரண மனுஷி ஒருத்தி, அசாதாரணத் துணிச்சல் எதுவும் இல்லாமல், முடியாது என்று சொல்லிவிட்டு சாயங்காலம் டீ குடிக்க ஒரு ஏற்பாடு. நம் நாட்டில் இரும்புக் குழாய்க்கு அந்த ஏற்பாடு இருக்கிறது. பதினைந்து வயது முதுகெலும்புக்கு இல்லை.

சட்டம் வரும்வரை மாணவிகள் காத்திருக்க முடியாது, அவர்கள் அடுத்த மே மாதம் வேலைக்குப் போகிறார்கள். நான் படித்த பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு ‘பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்’ என்று ஒரு வருஷம் நடந்தது. டை கட்டுவது, கை குலுக்குவது, உன் பலவீனம் என்ன என்று கேட்டால் பலத்தையே பலவீனமாகச் சொல்வது. அதன் சாரம்: எதற்கும் முடியாது என்று சொல்லாதே. எங்கள் வேலைக்கு அது பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இதே பயிற்சியை இப்போது பிசியோ கல்லூரிகளிலும் கொடுக்கிறார்கள் என்று தங்கை சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. முடியாது என்று சொல்வதற்காகவே ஒருவரை வேலைக்கு எடுக்க வேண்டிய இடத்துக்கு, ‘எஸ் சார்’ சொல்லப் பழக்கி அனுப்புகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான் போகிறது. முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளுக்கு மெஷினை மாட்டிவிடுவது, பதினைந்து நிமிஷம் கழித்துக் கழற்றுவது, நோட்டில் எழுதி சாரிடம் கையெழுத்து வாங்குவது. ஆறு மாதத்தில் ஒரு மாணவி தன் சொந்தத் தலையால் ஒரு முடிவுகூட எடுத்திருக்க மாட்டாள். ஏழாவது மாதம் மைதானத்தில் தனியாக நிற்பாள்.

2022 நவம்பரில் சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 17 வயது, உடற்கல்வி படிக்கச் சேர்ந்த முதலாமாண்டு மாணவி, கால்பந்து வீராங்கனை. மூட்டுச் சவ்வுக்கு அறுவை சிகிச்சை. அதன்பின் போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்து ரத்த ஓட்டம் நின்றுபோனது. காலை எடுத்தார்கள், நவம்பர் 15 அன்று உயிரும் போனது. கவனக்குறைவு என்று அரசே சொன்னது. கட்டுப் போட்ட காலைச் சோதிப்பது கஷ்டமான காரியமில்லை. கால் விரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும், விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சில்லென்று இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா, நாடி தெரிகிறதா. அரை நிமிஷ வேலை, முதல் வருஷப் பாடம். கஷ்டம் அதற்கு அடுத்தது: நகம் சிவக்கவில்லை என்று பார்த்த ஜூனியர் ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியவரை எழுப்புவாளா? எழுப்பி, வீண் பயம் என்று தெரிந்தால் நாளைக்கு அவளை எப்படிப் பார்ப்பார்கள்? இந்தத் தயக்கத்தை ஒரு உயிரியல் பாடம் போல எடுத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தங்கை இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கிறாள். அவள் செய்வது சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு நோயாளியைப் பார்த்ததும் சீனியர் வாயைத் திறப்பதற்கு முன் மாணவி தன் முடிவை எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்துப் பேசுவார்கள். தப்பாக எழுதினால் மார்க் கிடையாது என்று இல்லை, எழுதாவிட்டால்தான் கிடையாது. இன்னொன்று நாடகம். ஒருத்தி கோச், ஒருத்தி அப்பா, ஒருத்தி பிசியோ, ஒருத்தி அடிபட்ட பையன். கோச்சாக நடிப்பவர்களுக்கு அவள் கொடுத்திருக்கும் ஒரே விதி, கத்தக்கூடாது, சிரித்துக்கொண்டே பேச வேண்டும். நாடகம் முடிந்ததும் பாத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பிசியோவாக ‘கூடாது’ என்றவள் இப்போது ஓட்டக்காரி.

மூன்றாவது, பெரிய கடை வீதியில் வாங்கிய ஒரு பில் புக். கார்பன் வைத்தது. வேலைக்குப் போனதும் எல்லோரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். தேதி, நேரம், என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன். கீழே ‘என் பொறுப்பில் ஆட அனுமதிக்கிறேன்’ என்று ஒரு வரி, அதற்கு நேரே கோச்சின் கையெழுத்துக்கு இடம். ஒரு தாள் அவருக்கு, ஒன்று நமக்கு. சட்டத்தில் இதற்கு எவ்வளவு பலம் என்று கேட்டேன். “பலமெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. பேனாவைக் கையில வாங்கினதும் சில பேர் ஒரு நிமிஷம் நிக்கறா. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்” என்றாள். சிலர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையனை உட்கார வைத்திருக்கிறார்கள். சிலர் அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் அந்த வகுப்பில் துறையூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு பெண் கேட்டாளாம்: “மேம், கோச் கையெழுத்துப் போடுவார். அந்தப் பொண்ணு கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கலாமா? அவ போட்டுட்டா நமக்குப் பிரச்சினை இல்லைல்ல?” வகுப்பில் பாதிப்பேர் வாங்கலாம் என்றார்கள். பாதிப்பேர் கூடாது என்றார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லையாம்.